3.5 அங்குலத் திரையில் ஸ்கேன்லைன் தேவையா? ஹேண்ட்ஹெல்ட் பில்டர் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்

லயத்துவாசி
சனி, இரவு 9:12

வணக்கம் எல்லோருக்கும். நம் சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) ஆட்கள் நிறையப் பேர் இந்தக் குழுவில் இருப்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் ஹெச் என்ற கைக்கருவி வாங்கியிருக்கிறேன். 3.5 அங்குலம், 640×480 திரை. பழைய ஆட்டங்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருள் உள்ளேயே வருகிறது. விளையாடுவது பெரும்பாலும் பழைய மைக்ரோ ஜீனியஸ் கேசட் ஆட்டங்கள்தான்: மாரியோ, கான்ட்ரா, சர்க்கஸ் சார்லி. கொஞ்சம் சூப்பர் பேமிகாம். பையனுக்கு கேம் பாய் அட்வான்ஸ்.

சிக்கல் ஷேடர் (படத்தின் தோற்றத்தை மாற்றும் பில்டர்) பட்டியலில்தான். திறந்தால் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. சிஆர்டி (பழைய டியூப் டிவி) என்று தொடங்கும் பெயர்களே ஒரு படை. ஒன்றைப் போட்டால் திரை இருட்டாகிவிடுகிறது. இன்னொன்றைப் போட்டால் ஆட்டமே திக்கித் திக்கி ஓடுகிறது. எதுவும் போடாமல் விட்டால் மாரியோ ஓடும்போது தரையிலுள்ள செங்கல் எல்லாம் நெளிகிறது.

தோட்டத்து வீட்டில் அந்தக் காலத்து டிவியில் தெரிந்த மாதிரி தெரிய வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். எதைப் போடுவது?


வெறும்பிக்சல்
சனி, இரவு 9:20

எதையும் போடாதீர்கள் அண்ணே. பளிச்சென்று இருப்பதை ஏன் கெடுக்க வேண்டும்? நல்ல ஐபிஎஸ் திரைக்குக் காசு கொடுத்துவிட்டு அதன் மேல் ஸ்கேன்லைன் என்று கறுப்புக் கோடு போடுகிறார்கள்.


சாம்பார் ஸ்பீட்
சனி, இரவு 9:23

வயசு 40 தாண்டியிருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளையாடுங்கள். இலவச பில்டர், பேட்டரியும் தின்னாது.


பிக்சல் பொன்னி
சனி, இரவு 9:58

@லயத்துவாசி அண்ணா, நீங்கள் ஒரு கேள்வி கேட்டதாக நினைக்கிறீர்கள், அதில் இரண்டு இருக்கிறது. செங்கல் நெளிவது வேறு பிரச்சினை. அதற்கு சிஆர்டி பில்டர் மருந்தில்லை. அதை முதலில் முடிப்போம்.

மைக்ரோ ஜீனியஸ் என்பது நிண்டெண்டோ பேமிகாமின் நகல்தான். பேமிகாம் வரையும் படம் 256×240. உங்கள் திரை 640×480. உயரத்தில் 240-ஐ 2-ஆல் பெருக்கினால் சரியாக 480. அழகாக உட்கார்ந்துவிடும். அகலத்தில்தான் வம்பு. 256-ஐ 640 ஆக்க 2.5-ஆல் பெருக்க வேண்டும். அரைப் பிக்சல் என்று ஒன்று கிடையாது. அதனால் கருவி ஒரு கட்டத்தை 2 பிக்சல் அகலத்திலும் அடுத்ததை 3 பிக்சல் அகலத்திலும் மாற்றி மாற்றிப் போடும். படம் நின்றால் தெரியாது. மாரியோ ஓடத் தொடங்கினால், இப்போது 2 ஆக இருந்த கட்டம் அடுத்த நொடி 3 ஆகும், மறுபடி 2 ஆகும். நீங்கள் பார்க்கும் நெளிவு அதுதான்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, இன்டிஜர் ஸ்கேலிங்கை (முழு எண்ணால் மட்டும் பெருக்குவது) போட்டு அகலத்தையும் 2-ஆலேயே பெருக்குவது. படம் 512×480 ஆக வரும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, மாரியோவும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார். இரண்டு, ஷார்ப் பைலினியர் அல்லது பிக்ஸலேட் ஷேடர். இவை ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்தில் மட்டும் பக்கத்து நிறத்தைக் கலக்கும். நடுப்பகுதி கூர்மையாகவே இருக்கும். நெளிவு நின்றுவிடும். இந்தச் சின்னத் திரையில் அந்தக் கலப்பு கண்ணுக்கே தெரியாது. நான் இரண்டாவதைத்தான் போடுவேன்.

இதைச் செய்துவிட்டு சிஆர்டி வேண்டுமா என்று யோசியுங்கள். பல பேர் நெளிவை மறைக்கவே ஸ்கேன்லைன் போடுகிறார்கள். கோடு போட்டாலும் அடியில் நெளிவு அப்படியேதான் இருக்கிறது.


லயத்துவாசி
சனி, இரவு 10:15

ஷார்ப் பைலினியர் போட்டேன் தங்கச்சி. நின்றுவிட்டது! இது இவ்வளவு சின்ன விஷயமா.

சரி, இப்போது சிஆர்டி.


வெறும்பிக்சல்
சனி, இரவு 10:17

இப்போதும் எதையும் போடாதீர்கள்.


சிங்கை ஷிப்ட்
சனி, இரவு 11:40

வேலை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். தம்பி வெறும்பிக்சலுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

அந்த ஆட்டங்களை வரைந்தவர்கள் கட்டம் கட்டமாகத் தெரியட்டும் என்று வரையவில்லை. டிவியில் எப்படித் தெரியும் என்று பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். மெகா டிரைவில் 1991-இல் வந்த சோனிக் முதல் ஆட்டத்தை எடு. முதல் லெவலில் வரும் அருவியைப் பார். உன் பளிச்சென்ற திரையில் அது நெடுக்குக் கோடு போட்ட வேலி மாதிரி இருக்கும். அந்த இயந்திரத்தில் பாதி தெரியும் நிறம் என்று ஒன்றைக் காட்ட வழியில்லை. அதனால் ஒரு கோடு தண்ணீர், ஒரு கோடு பின்னணி என்று போட்டார்கள். மஞ்சள் வயரில் போன காம்போசிட் சிக்னல் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளைக் கரைத்துவிடும். டிவியில் பார்த்தவனுக்கு அது கண்ணாடி போன்ற தண்ணீர். அந்த இயந்திரம் ஒரே நேரத்தில் 64 நிறம்தான் காட்டும். அதை வைத்துக்கொண்டு அப்படித்தான் சமாளித்தார்கள்.

பில்டர் இல்லாமல் பார்ப்பதுதான் அசல் என்று நீ சொன்னால், அந்த அசலை அன்று யாரும் பார்க்கவே இல்லை.


வெறும்பிக்சல்
ஞாயிறு, காலை 8:05

அண்ணே, நீங்கள் சொல்வது காம்போசிட் கலப்பு. ஸ்கேன்லைன் போட்டால் அந்த அருவி சரியாகிவிடுமா? ஆகாது. கிடைக்கோடு வேறு, நெடுக்குக் கோட்டைக் கரைப்பது வேறு. பாதிப் பேர் ஓவர்லே படத்தை மேலே ஒட்டிவிட்டு சிஆர்டி வந்துவிட்டது என்கிறார்கள். அதைத்தான் நான் கேலி செய்கிறேன்.


சிங்கை ஷிப்ட்
ஞாயிறு, காலை 8:30

அது நியாயம். ஒத்துக்கொள்கிறேன்.


பிக்சல் பொன்னி
ஞாயிறு, காலை 9:10

ஓவர்லே என்ற பேச்சு வந்ததால் அதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். குழுவில் புதியவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும்.

ஓவர்லே என்பது வெறும் படம். ஆட்டத்தின் மேல் ஒட்டப்பட்ட கோடு போட்ட கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. வெள்ளை மேகமாக இருந்தாலும் கறுப்புக் குகையாக இருந்தாலும் ஒரே அளவு கோடு. கருவிக்குப் பாரமே இல்லை. மியூ மினி, மினி பிளஸ் என்ற கைக்கருவிகள் இரண்டிலும் 3டி கிராபிக்ஸ் சிப் கிடையாது. அதனால் அங்கே ஷேடர் பேச்சே இல்லை, ஓவர்லேயும் சிபியூவில் ஓடும் சாதாரண வீடியோ பில்டரும்தான்.

ஷேடர் ஒவ்வொரு பிக்சலையும் பார்த்துக் கணக்குப் போடும். பிரகாசமான இடத்தில் கோட்டை மெலிதாக்கும், இருட்டில் தடிப்பாக்கும். நிஜ பிக்சர் டியூபிலும் அப்படித்தான் நடக்கும் என்பதால் பார்க்க உயிரோட்டமாக இருக்கும். ஆனால் நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. அதற்குள் கணக்கு முடியவில்லை என்றால் படம் திக்கும். லயத்துவாசி அண்ணா சொன்ன திக்கல் அதுதான். உங்கள் ஆன்பெர்னிக்கில் இருக்கும் ஹெச்700 சிப்பில் மாலி ஜி31 கிராபிக்ஸ். சிறிய வேலைக்குப் போதும். சிஆர்டி ராயல் மாதிரி பல அடுக்கு ஷேடரை அதன் தலையில் ஏற்றுவது பாவம். இப்படிப்பட்ட சின்னச் சிப்புகளுக்காகவே எழுதியது ஜீஃபாஸ்ட் சிஆர்டி. அது ஓடும்.

இப்போது உங்கள் திரை இருட்டானதற்கு வருகிறேன். உயரத்தில் பெருக்கம் 2 என்று சொன்னேன் இல்லையா? ஆட்டத்தின் ஒரு வரிக்கு உங்கள் திரையில் இரண்டே வரிதான். ஒன்றை வெளிச்சமாகவும் ஒன்றைக் கறுப்பாகவும் ஆக்கினால் பாதி வெளிச்சம் போய்விட்டது. கோட்டை மெலிதாக்குவதற்கும் தடிப்பாக்குவதற்கும் இடமே இல்லை. ஒரு வரிக்கு 4 அல்லது 5 பிக்சலாவது இருந்தால்தான் ஷேடர் தன் வித்தையைக் காட்ட முடியும். 1080 வரி உள்ள திரையில் 4.5 கிடைக்கிறது. ரெட்ராய்ட் பாக்கெட் 5 வைத்திருப்பவர்கள் சிஆர்டி போட்டுவிட்டு ஆகா ஓகோ என்பது அதனால்தான். திரையும் ஓலெட் என்பதால் வெளிச்சம் குறைந்தாலும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

மாஸ்க் இன்னும் மோசம். டியூபின் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைப் போலியாகக் காட்ட ஒரு கூட்டத்துக்கு மூன்று பிக்சலாவது வேண்டும். 640-ஐ 3-ஆல் வகுத்தால் 213. பேமிகாம் படமே 256 அகலம். படத்தை விட சல்லடை பெரிதாக இருந்தால் என்ன ஆகும்? நிறம் பிசகும், எழுத்து உடையும். 640×480-இல் மாஸ்க் எதையும் போடவே போடாதீர்கள்.


லயத்துவாசி
ஞாயிறு, காலை 9:31

இப்படி யாரும் எனக்குக் கணக்கு சொல்லித் தந்திருந்தால் கலாசாலையில் நான் வேறு ஆளாக வந்திருப்பேன்.


பழையடியூப்
ஞாயிறு, மதியம் 2:20

பிள்ளைகளே, நான் விளையாடுகிறவன் இல்லை. டிவி ரிப்பேர் செய்தவன். மருமகன் இந்த இழையைக் காட்டினான். படித்துக்கொண்டே வந்தேன், சும்மா இருக்க முடியவில்லை.

நீங்கள் எல்லோரும் ஸ்கேன்லைன் ஸ்கேன்லைன் என்கிறீர்கள். அது எப்படி வருகிறது தெரியுமா? டிவி படம் பாதிப் பாதியாக வரும். முதலில் ஒற்றை வரிகள், அடுத்து இரட்டை வரிகள், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். இந்த கேம் பெட்டிகள் அப்படி அனுப்பாது. ஒரே பாதியையே திரும்பத் திரும்ப அனுப்பும். அதனால் நடு வரிகளில் கதிர் விழுவதே இல்லை. அந்தக் காலி இடம்தான் உங்கள் கறுப்புக் கோடு.

ஆனால் தோட்டத்து வீட்டில் அதை யார் பார்த்தார்? 14 அங்குல டிவி, பெட்டியிலிருந்து ஆண்டெனா வயர் வழியாக ஒரு சேனலில் பிடித்து வைப்பார்கள். ஒலியும் படமும் ஒரே வயரில் வரும். நிறம் ஓரம் தாண்டி வழியும், எழுத்தைச் சுற்றி நிழல் விழும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். கோடு தெரிய வேண்டுமென்றால் போகஸ் கூர்மையான நல்ல டியூபும் கிட்டப் போய்ப் பார்க்கிற கண்ணும் வேண்டும். போகஸ் தளர்ந்த டியூபில் கதிர் தடித்து, காலி வரியையும் மூடிவிடும். என் கடைக்கு வந்தவை எல்லாம் அந்த ரகம்தான். ஜெனரேட்டர் கரண்ட் இருந்த தோட்டங்களில் வோல்டேஜ் இறங்கினால் படமே நாலு பக்கமும் சுருங்கும். அதற்கும் ஒரு பில்டர் இருக்கிறதா?

இன்னொன்று. டிவிக்காரர்கள் படத்தை டியூபின் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தள்ளியே வைப்பார்கள். ஓரத்தில் இருப்பது யாருக்கும் தெரியாது. அதை நம்பி ஆட்டக்காரர்கள் ஓரத்தில் குப்பையை விட்டுவைத்திருப்பார்கள். உங்கள் கருவியில் அந்தக் குப்பை தெரியும். அதை வெட்டிவிடுங்கள்.


பிக்சல் பொன்னி
ஞாயிறு, மதியம் 2:41

ஐயா, அருமை! ஓரத்தை வெட்ட கோர் (ரெட்ரோஆர்ச்சுக்குள் ஒவ்வொரு இயந்திரத்தின் ஆட்டத்தையும் ஓட்டும் பகுதி) ஆப்ஷன்களில் ஓவர்ஸ்கேன் கிராப் இருக்கிறது. சூப்பர் மாரியோ 3-இல் வலது ஓரத்தில் நிறம் மாறித் துடிக்கும் ஒரு பட்டை வரும், அதற்கு இதுதான் வைத்தியம். ஆனால் உயரத்தில் வெட்டினால் 240 என்பது 224 ஆகிவிடும், என் இரண்டால் பெருக்கும் கணக்கு 448-இல் நிற்கும். அதனால் பக்கவாட்டில் மட்டும் வெட்டுங்கள்.


சாம்பார் ஸ்பீட்
ஞாயிறு, மதியம் 2:44

மிக்ஸி ஷேடர் உடனடியாகத் தேவை. யாராவது எழுதுங்கள்.


வெறும்பிக்சல்
ஞாயிறு, மாலை 4:02

ஐயா சொன்னதைக் கேட்டதும் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன், பொன்னி அக்கா சரிபாருங்கள்.

3.5 அங்குலத் திரையின் உயரம் சுமார் 53 மி.மீ. 240 வரி என்றால் ஒரு வரி 0.22 மி.மீ. கையில் பிடித்து 30 செ.மீ. தூரத்தில் பார்க்கிறோம். 14 அங்குல டிவியின் உயரம் சுமார் 213 மி.மீ., ஒரு வரி 0.89 மி.மீ. தரையில் உட்கார்ந்து ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்போம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் அளவு என்று பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கைக்கருவியில் ஒரு வரி கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் அன்று அந்தத் தூரத்திலிருந்து கோடு தெரியவில்லை என்றால் இன்று கையிலும் தெரியக்கூடாது. லயத்துவாசி அண்ணன் தேடுவது கோடே இல்லை. அந்த மென்மை. நிறம் வழிந்தது, ஓரம் கரைந்தது. இணையத்தில் காட்டும் ஸ்கேன்லைன் படங்கள் எல்லாம் டியூபுக்கு முன்னால் கேமராவை ஒட்டி வைத்து எடுத்தவை. நம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு இதுதான் என் சிறுவயது என்று நம்பிவிட்டார்கள்.


பிக்சல் பொன்னி
ஞாயிறு, மாலை 4:20

கணக்கு சரி தம்பி. நான் பூதக்கண்ணாடி வைத்த மாதிரி திரைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன், நீ தூரத்தைக் கொண்டுவந்தது நல்லது. ஆனால் உன் கணக்கு உனக்கே எதிராகவும் போகிறது. அன்று பளிச்சென்ற சதுரமும் தெரியவில்லையே.


வெறும்பிக்சல்
ஞாயிறு, மாலை 4:22

:)


சிங்கை ஷிப்ட்
ஞாயிறு, இரவு 11:55

டிவி ஆட்டங்களுக்கு இது எல்லாம் பொருந்தும். பையன் விளையாடும் கேம் பாய் அட்வான்ஸை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அது டிவியே பார்த்ததில்லை. அதன் மேல் ஸ்கேன்லைன் போடுவதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

2001-இல் வந்த அட்வான்ஸுக்கு வெளிச்சமே கிடையாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சாய்த்துச் சாய்த்து விளையாடுவோம். 2003-இல் எஸ்பி வந்தபோதுதான் முன்விளக்கு வந்தது. முதல் கருவியின் இருட்டுத் திரையில் தெரிய வேண்டுமே என்று பல ஆட்டங்களில் நிறத்தைத் தூக்கி அடித்து வைத்தார்கள். இதற்கு நல்ல சாட்சி காஸில்வேனியா. 2001-இல் வந்த சர்க்கிள் ஆஃப் தி மூன் ஆட்டத்தில் எதுவும் தெரியவில்லை என்று எல்லோரும் திட்டினார்கள். மறுவருடம் வந்த ஹார்மனி ஆஃப் டிசனன்ஸில் கண்ணைப் பறிக்கும் நிறமாகக் கொட்டிவிட்டார்கள். இன்றைய ஐபிஎஸ் திரையில் அதை அப்படியே ஓட்டினால் திருவிழாப் பந்தல் கெட்டது.

அதனால் அட்வான்ஸுக்கு முதலில் போட வேண்டியது நிறத் திருத்தம். எம்ஜிபிஏ கோரில் கலர் கரெக்ஷன் என்ற ஆப்ஷன் இருக்கிறது, ஷேடர்கூட வேண்டாம். நிறம் கொஞ்சம் மங்கும். முதல் ஐந்து நிமிடம் பிடிக்காது. அப்புறம் எடுக்க மனம் வராது.

இரண்டாவது, பேய் நிழல். பழைய எல்சிடி மெதுவாக மாறும், முன்படம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைக் குறை என்று விடாமல் சில ஆட்டக்காரர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு படத்தில் நிழலைக் காட்டி அடுத்த படத்தில் மறைத்தால், அந்தத் திரையில் அது பாதி தெரியும் நிழலாக நிற்கும். இன்றைய திரையில் அது விட்டு விட்டு மின்னும். இன்டர்ஃபிரேம் பிளெண்டிங் போட்டால் மின்னுவது நிற்கும். கேம் பாய்க்கு கேம்பாட்டே கோரிலும் இது உண்டு.

மூன்றாவதுதான் கட்டம். என்னிடம் அனலாக் பாக்கெட் இருக்கிறது. அதுவும் 3.5 அங்குலம்தான், ஆனால் 1600×1440. கேம் பாயின் 160×144-ஐ அப்படியே 10-ஆல் பெருக்கியது. ஒரு கட்டத்துக்குள்ளேயே 10×10 பிக்சல் இருப்பதால் கட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, ஒவ்வொரு கட்டத்தின் நிழல், அந்தப் பாசிப் பச்சை எல்லாம் அச்சு அசலாக வருகிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் பிடிக்கவில்லை.


வெறும்பிக்சல்
திங்கள், காலை 7:50

அதன் விலையில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு மாத வாடகை கட்டலாம் அண்ணே.


பிக்சல் பொன்னி
திங்கள், காலை 8:15

அட்வான்ஸ் பற்றி அண்ணா சொன்ன முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். மூன்றாவதில் மட்டும் ஜாக்கிரதை.

அட்வான்ஸ் 240×160. நம் 640×480-இல் முழு அகலத்துக்கு 2.67 மடங்கு வேண்டும். இன்டிஜர் என்றால் 2 மடங்கு, 480×320, தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். இரண்டுக்கும் கட்டம் ஒத்துவராது. 2.67 மடங்கில் எல்சிடி3எக்ஸ் என்ற கட்டக்கோடு ஷேடரைப் போட்டால் கோடுகள் ஒன்று தடிப்பு, ஒன்று மெலிது என்று கொசுவலை வழியாகப் பார்ப்பது போல இருக்கும். அட்வான்ஸுக்காகவே வாங்குகிறவர்கள் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் பார்க்கலாம், அதன் திரை 720×480, சரியாக 3 மடங்கு. டிரிம்யூஐ பிரிக் 1024×768, அதில் 4 மடங்கு போட்டால் 960×640, ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு விழுந்தாலும் கட்டம் அழகாக நிற்கும்.

பழைய கேம் பாய்க்கு நம் 640×480 போதும். 3 மடங்கு, 480×432. மூன்றில் ஒரு வரியைக் கட்டக் கோட்டுக்கு விடலாம். ஆனால் கோட்டை முழுக் கறுப்பாக்கினால் குறுக்கிலும் நெடுக்கிலும் மூன்றில் ஒரு பங்கு போய் மிச்சம் 9-இல் 4 பங்கு வெளிச்சம்தான். கோட்டின் அடர்த்தியைக் குறைத்து வையுங்கள்.


மண்டோர் மகன்
திங்கள், மதியம் 1:05

செம்பனைக்காட்டில் மதிய வெயிலில் லாரிக்குக் காத்துக்கொண்டு விளையாடுகிறவன் நான். மன்னிக்கணும், எந்த பில்டர் போட்டாலும் வெயிலில் ஒன்றும் தெரிவதில்லை. பிரைட்னஸ் முழுதாக வைத்தால்தான் ஏதோ தெரிகிறது. வெளியில் விளையாடுகிறவர்களுக்கு பில்டர் ஆசை வேண்டாம். பழைய கேம் பாய் ஒன்றுதான் வெயிலில் நன்றாகத் தெரிந்தது.


சிங்கை ஷிப்ட்
திங்கள், மதியம் 1:30

அதுவும் உண்மைதான். அந்தத் திரை வெயிலையே விளக்காக வைத்துக்கொள்ளும்.


லயத்துவாசி
திங்கள், இரவு 8:48

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். இப்போது என் கருவியில் இருப்பது:

பேமிகாமுக்கு ஸ்கேன்லைன் இல்லை, மாஸ்க் இல்லை. ஷார்ப் பைலினியரை எடுத்துவிட்டு பிளார்க் என்டிஎஸ்சி பில்டரில் காம்போசிட் போட்டேன். நிறம் வழிகிறது, ஓரம் கரைகிறது. மாரியோவின் தொப்பியில் சிவப்பு கொஞ்சம் வெளியே கசிகிறது. இதுதான். இதைத்தான் தேடினேன். நம் நாட்டு டிவி பால் (PAL) ஒளிபரப்பு முறை, இது அமெரிக்கா, ஜப்பானின் என்டிஎஸ்சி முறை என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், பரவாயில்லை.

சூப்பர் பேமிகாமுக்கு ஜீஃபாஸ்ட் சிஆர்டி, கோட்டின் அடர்த்தியை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருக்கிறேன். பொன்னி சொன்னபடி பார்த்தால் இது வீண்தான். ஆனால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு விளையாடும்போது நன்றாக இருக்கிறது. விடமாட்டேன்.

அட்வான்ஸுக்கு நிறத் திருத்தம், பிளெண்டிங். பையன் நிறத் திருத்தத்தை உடனே எடுத்துவிட்டான். அவனுக்குப் பந்தல் நிறம்தான் வேண்டுமாம்.

ஒரே ஒரு சந்தேகம். ஆட்டம் என் நினைவில் இருப்பதைவிட வேகமாக ஓடுகிறதே. பாட்டுகூட அவசரமாக இருக்கிறது. கை தளர்ந்துவிட்டதா அல்லது இதுவும் ஏதாவது பில்டர் விஷயமா?


பழையடியூப்
திங்கள், இரவு 9:05

கை தளரவில்லை தம்பி. நம் டிவி நொடிக்கு 50 முறை படம் போடும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. இங்கே விற்ற பெட்டிகள் நம் டிவிக்காக 50-இல் ஓடியவை. ஆட்டம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி நகரும் என்றால் 60 அடி போக வேண்டியது 50 அடிதான் போகும்.


பிக்சல் பொன்னி
திங்கள், இரவு 9:18

ஐயா சொல்வதுதான். ஆறில் ஒரு பங்கு மெதுவாகப் பார்த்து வளர்ந்திருக்கிறீர்கள் அண்ணா.

பேமிகாம் ஆட்டங்களை ஓட்டும் எஃப்சிஇயூஎம்எம் கோரில் ரீஜன் என்ற ஆப்ஷனைத் திறங்கள். என்டிஎஸ்சி, பால், டெண்டி என்று இருக்கும். டெண்டி என்பது ரஷ்யாவில் விற்ற பேமிகாம் நகல். நம் ஊர் நகல்களும் அந்த வகையைச் சேர்ந்தவைதான். பால் என்பது நிண்டெண்டோவே ஐரோப்பாவுக்குச் செய்த பெட்டி, அதில் சிப்பின் வேகமும் மாறும், ஜப்பான் கேசட் சில சமயம் பிசகும். நீங்கள் டெண்டியைப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ். 50 படத்தை 60-இல் காட்ட ஒவ்வொரு ஐந்தாவது படத்தையும் இருமுறை காட்டும். ஓடும்போது லேசாகத் தட்டும்.


லயத்துவாசி
திங்கள், இரவு 9:50

டெண்டி போட்டேன். பாட்டு சரியாகிவிட்டது! கான்ட்ராவில் மூன்றாவது கட்டம் வரை உயிர் போகாமல் போனேன். தட்டல் இருக்கிறது, கண்டுகொள்ளவில்லை.

பையன் வந்து பார்த்துவிட்டு, ஏன்பா லேக் அடிக்கிறது என்று கேட்கிறான். அவன் ஆடும் மாரியோ 3-க்கு மட்டும் 60, எனக்கு மற்றதெல்லாம் 50 என்று தனித்தனியாக வைக்க முடியுமா?


வெறும்பிக்சல்
திங்கள், இரவு 9:57

முடியும் அண்ணே. மாரியோ 3 ஓடிக்கொண்டிருக்கும்போது குவிக் மெனு, கோர் ஆப்ஷன்ஸ், மேனேஜ் கோர் ஆப்ஷன்ஸ், சேவ் கேம் ஆப்ஷன்ஸ். அதற்குப் பிறகு ரீஜனை என்டிஎஸ்சி ஆக்குங்கள். அந்த ஆட்டத்துக்கு மட்டும் மாறும், மற்றவை டெண்டியிலேயே இருக்கும். ஷேடருக்கும் இதே மாதிரி சேவ் கேம் பிரிசெட் இருக்கிறது. பையனுடைய ஆட்டத்தில் பில்டர் எதையும் போட்டுவிடாதீர்கள், அவன் என் கட்சி.